ஆமைப்படத்தின் கடைசித் துண்டு

அந்தப் படத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். வீடியோக் கசற்றின் முதுகில் ஒட்டியிருந்த தாள் எங்கள் கைக்கு வருமுன்பே கரைந்து போயிருந்ததால் நாங்கள் அதை ஆமைப்படம் என்று கூப்பிட்டோம். வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த கசற்றுகளில் மற்றவை எல்லாம் தமிழ்ப் படங்கள். அவற்றுக்கு ஊரில் அடிபிடி. இது ஒன்றுதான் இங்கிலீசுப் படம். பாட்டு இல்லை, சண்டை இல்லை, பார்த்து ரசிக்க வடிவான ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. தொலைந்த ஆட்டைத் தேடிப் போகிற ஒரு பொடியனும் ஒரு பெரிய ஆமையும்தான் படம் முழுக்க. விசேட வீட்டுக்காரரிடம் அதை நீட்டினால், "தம்பி, உதை நீரே வைச்சுப் பாரும்" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

தம்பி என்று அவர்கள் சொன்னது என் அண்ணையை. படம் காட்டுவதுதான் அவருடைய தொழில். தொண்ணூறில் சண்டை திரும்ப மூண்ட பிறகு எங்கள் பக்கம் கரண்ட் என்பதே இல்லை. ரீவி வைத்திருந்த வீடுகளில் அதன் மேல் துணி விரித்துச் சாமிப்படம் வைத்திருந்தார்கள். அண்ணையிடம் ஒரு ரீவி, கசற்றைப் போட்டு ஓட்டுகிற ஒரு டெக், மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு சின்ன ஜெனரேற்றர். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா முடிந்த கையோடு என்று எங்கிருந்தாவது ஆள் வரும். ஜெனரேற்றரை அண்ணையின் சைக்கிளிலும் மற்றதுகளை அவருடைய கூட்டாளியின் சைக்கிளிலும் கட்டிக்கொண்டு கோப்பாயிலிருந்து புத்தூர், கரவெட்டி என்று மிதிப்பார்கள். மண்ணெண்ணெய் அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு. எண்ணெய் முடிகிற இடத்தில் படமும் முடியும். கதாநாயகி கழுத்தில் தாலி ஏறுமுன் ஜெனரேற்றர் நின்று, சபை முழுக்க அண்ணையைத் திட்டிக்கொண்டு எழும்பிப் போனதும் உண்டு.

அண்ணை தொழிலில் சுத்தக்காரர். எந்த வீட்டுக்குப் போவதென்றாலும் முதல்நாளே டெக்கைத் திறந்து, பஞ்சில் ஓடிக்கொலோன் தொட்டு உள்ளே துடைப்பார். மண்ணெண்ணெய் தனியே பிடிக்காது என்று ஜெனரேற்றரின் மூக்கில் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டுவார். பிறகு ஒரு கசற்றை ஓட்டிப் பார்ப்பார். பழைய டெக் சிலவேளை நாடாவை இழுத்துச் சப்பிவிடும். நல்ல தமிழ்ப் படத்தைச் சப்பக் கொடுக்க எவனுக்கு மனம் வரும்? அதனால் சோதித்துப் பார்க்க எப்போதும் ஆமைப்படம்தான். "திண்டால் உதைத் தின்னட்டும்" என்பார். கேட்பார் மேய்ப்பார் இல்லாத அந்தப் படம் இப்படித்தான் எனக்குச் சொந்தமானது.

சோதனை மத்தியானத்தில் நடக்கும். பெரிய அறையின் யன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் தரையில் இருப்போம். தாங்கியின் அடியில் மிச்சம் கிடக்கிற எண்ணெய்க்கு எவ்வளவு ஓடுமோ அவ்வளவுதான் படம். அடுத்தமுறை விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது. ஊரில் யார் வீட்டில் கலியாணம் பேசினாலும் என்னைவிடச் சந்தோசப்பட்டவர் கிடையாது. விசேடம் வந்தால் சோதனை வரும், சோதனை வந்தால் ஆமை வரும்.

கதை இதுதான். ஆற்றங்கரையில் ஒரு கல்வீடு. அதில் தாயும் மகனும். ஒருநாள் ஆடு பனிப்புகாருக்குள் போய்விடுகிறது. பொடியன் பின்னால் போகிறான். ஆற்றில் வீட்டளவு ஆமை ஒன்று படுத்திருக்கிறது. அவனை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிறது. அக்கரையில் காற்றே வீசாத ஒரு நாடு. அங்கே காற்றைத் திருடிப் பானைக்குள் அடைத்து வைத்திருக்கிற ஒரு ராசா. மலைமேல் ஒரு பூதம். பூத உடுப்பை இழுத்து மூடுகிற சிப் அதன் முதுகில் தெரியும். முதல் தடவையே அண்ணை அதை எனக்குக் காட்டித் தந்துவிட்டார். சிப்பைக் கண்ட பிறகும் எனக்குப் பயம் குறையவில்லை என்பது வேறு விசயம்.

இங்கிலீசு எங்கள் இரண்டு பேருக்கும் விளங்காது. என்றாலும் அண்ணை விடமாட்டார். வாயசைவுக்கு ஏற்றாற்போல் கோப்பாய்த் தமிழில் பேசுவார். ராசாவுக்கு, பங்கீட்டுச் சாமான் தருகிற எங்கள் சங்கக்கடை மனேச்சரின் குரல். "இண்டைக்குக் காத்து முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்று ராசா கதவைச் சாத்தும்போது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவேன். ஆமை மட்டும் பேசாது. ஆமைக்கு அண்ணை ஒருநாளும் குரல் கொடுக்கவில்லை. ஏனென்று கேட்டதற்கு, வேலை செய்கிறதுகள் கதைக்காது என்றார்.

அம்மாவுக்கு உதெல்லாம் வீண்வேலை. ஆனால் அரிசி புடைக்கிற சுளகோடு கதவடியில் வந்து நிற்பார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. எண்ணெய் போகிறது என்று முணுமுணுப்பதும் நடக்கும், நிற்பதும் நடக்கும். இருக்கச் சொன்னால், எனக்கென்ன வேலை இல்லையோ என்று கேட்டுவிட்டு அங்கேயே நிற்பார்.

கடைசிப் பகுதிக்கு நாங்கள் வந்து சேர ஆறேழு மாதம் பிடித்தது. பொடியன் பானையை உடைத்துக் காற்றைத் திறந்துவிட்டான். மரங்களெல்லாம் ஆடின. அவன் ஆற்றங்கரைக்கு வருகிறான். ஆமை காத்திருக்கிறது. அவன் ஒரு காலைத் தூக்கி ஆமையின் முதுகில் வைக்கிறான். பிறகு ஏதோ நினைத்தவன்போலக் காலை எடுத்து, திரும்பி, புகாருக்குள் நடந்து போகிறான். அந்த இடத்தில் டெக் கடகடவென்று ஒரு சத்தம் போட்டது. அண்ணை பாய்ந்து போய் நிற்பாட்டினார். சப்பிவிட்டது. மூடியைத் திறந்து, கறுப்பு நாடாவை மெதுவாக இழுத்தார். முழம் முழமாகக் கசங்கி வந்தது. சரிப்படுத்தலாமா என்று அரைமணித்தியாலம் மினக்கெட்டுப் பார்த்துவிட்டு, கசங்கினதையும் அதற்கப்பால் உருளையில் மிச்சமிருந்ததையும் கத்தரித்து எடுத்தார். நல்ல பக்கத்தை உருளையோடு ஒட்டவைத்தார். சோதிக்கிற கசற்றுக்கு அது போதும்.

வெட்டின நாடா வீணாகப் போகவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றும் வீணாகப் போவதில்லை. அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; வளவுக்குப் பின்னால் அவர் குரக்கன் பயிர் போட்டிருந்தார். கிளி வந்து கதிரை ஒட்ட நறுக்கிக்கொண்டிருந்த காலம். அம்மா அந்த நாடாவைக் கொண்டுபோய் இந்தத் தடிக்கும் அந்தத் தடிக்குமாக இழுத்துக் கட்டினார். காற்றில் அது ங்ங் என்று அழும். வெயிலில் பளபளக்கும். அந்தப் போகம் கிளி அண்டவே இல்லை. தோட்டம் செய்கிற எல்லாரும் பழைய கசற் நாடாவை அப்படித்தான் கட்டுவார்கள்.

நாடாவை வெட்டின அன்றைக்கு நான் அண்ணையிடம் கேட்டேன், பொடியன் வீட்டை போகமாட்டானா என்று. அதற்கப்பால் பெயர்கள்தான் ஓடும், படம் அவ்வளவுதான் என்று அண்ணை சொன்னார். உண்மையாகவே நினைத்தாரா, என் வாயை அடைக்கச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது.

"அவன் ஏன் போறான்? வீட்டை போனால் ஆடு மேய்க்கிறதுதான். அங்கை காத்தைத் திறந்துவிட்ட ராசா அவன்" என்றார்.

கதவடியில் அம்மா நின்றார். சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

பொடியன் வீட்டுக்கு வராதது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அந்தத் தாய் கல்வீட்டு வாசலில் நிற்பதாகவே எனக்குத் தோன்றும். படம் திரும்ப அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், இந்தமுறையாவது அவன் திரும்பிப் பார்க்க மாட்டானா என்று இருப்பேன். நாடா வெட்டுப்பட்ட இடம் வரும். திரை வெள்ளையாகப் பொரியும். அண்ணை நிற்பாட்டுவார்.

தொண்ணூற்றுநாலில் அண்ணை வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். அவராகப் போகவில்லை. அம்மாதான் அனுப்பினார். அந்த நாட்களில் வளர்ந்த ஆண்பிள்ளை வைத்திருந்த தாய்மார் எவரும் வேறுமாதிரி நினைக்கவில்லை. பிள்ளை எங்கேயாவது இருக்கட்டும், இருந்தால் போதும் என்பதுதான் எல்லா வீட்டுக் கதையும். ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் கைமாறின. ஆமைப்படத்தை ஓசிக்குக் கொடுத்தும் எவரும் எடுக்கவில்லை. அதை என் கையில் தந்துவிட்டு அண்ணை கிளாலிப் பக்கம் சைக்கிள் ஏறினார். கடலேரியைத் தாண்டிக் கொழும்பு. கொழும்பிலிருந்து அங்கே இங்கே என்று ஏதோ ஒரு குளிர்நாடு. அங்கே ஒரு எல்லையைக் காட்டுக்குள்ளால் நடந்து கடந்தார்கள். விடிந்து பார்த்தபோது கூட வந்தவர்களுக்குள் அண்ணை இல்லை. அதில் வந்த ஒருவர் பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினது இவ்வளவுதான். செத்ததைக் கண்டவரும் இல்லை, இருப்பதைக் கண்டவரும் இல்லை.

அம்மா தன்னைத்தானே திட்டியிருக்கலாம், ஐயாவைத் திட்டியிருக்கலாம், அனுப்பிய ஏஜென்சிக்காரனைத் திட்டியிருக்கலாம். அம்மா படத்தைத் திட்டினார். முடிவில்லாத கதையை வீட்டுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினால் இப்படித்தான் வரும் என்றார். தரித்திரம் பிடித்த படம் என்றார். வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். எனக்கு அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணையின் குரல் எனக்கு மிச்சமிருந்த ஒரே இடம் அந்தப் படம். அதைப் பார்க்க டெக் இல்லாவிட்டாலும் கசற்றைக் கையில் வைத்திருந்தால் போதும் எனக்கு.

அடுத்த வருடம் ஆமி வருகிறதென்று எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, என் உடுப்புப் பையிலிருந்து அம்மா அந்தக் கசற்றை எடுத்து யன்னற்கட்டில் வைத்தார். அது எங்களோடு வரக்கூடாது என்றார். சண்டை பிடிக்க நேரமில்லை. ஆனால் புறப்படுகிற அந்த அந்தரத்திலும் ஐயாவை நிற்பாட்டி, முன்சுவரில் நாங்கள் எங்கே போகிறோம் என்று கரியால் எழுதச் சொன்னார். அண்ணை வந்து ஆளில்லாத வீட்டைக் கண்டு திரும்பிப் போய்விடக்கூடாதாம். பெரிய எழுத்தாக எழுதும்படி சொன்னார். திரும்பி வந்தபோது கூரை இல்லை, கசற் இல்லை. கரி எழுத்தை மழை இழுத்து, நாங்கள் போன ஊரின் பெயர் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

இத்தனைக்கும் பிறகு நான் படித்து, ஒரு கந்தோரில் வேலை பார்த்து, இன்றைக்கும் அதே வளவில் திருத்திக் கட்டின வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார். கைத்தொலைபேசி வந்த நாளிலிருந்து நான் அந்தப் படத்தை இணையத்தில் தேடினேன். பெயர் தெரியாத படத்தை எப்படித் தேடுவது? ஆடு, ஆமை, காற்று, பொடியன் என்று தெரிந்த இங்கிலீசில் எழுதிப் போடுவேன். கார்ட்டூன் ஆமைகள் வரும், ஆட்டுக்கறிச் சமையல் வரும். வருடக்கணக்கில் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், யாரோ ஒரு புண்ணியவான் போட்டுவைத்திருந்த மங்கலான படமொன்று. தொடுவதற்கு முன்பே அந்த ஆமையின் முதுகு எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அதுவரை பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். கீழே ஒருவர், இப்படியும் ஒரு படமா என்று எழுதியிருந்தார்.

தனியே இருந்து பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், நல்ல படம் என்று சொல்ல முடியாது. மலை மட்டையில் செய்தது. பூதத்தின் சிப் முன்னையைவிட நன்றாகத் தெரிகிறது. இப்போது எனக்கு இங்கிலீசு விளங்குகிறது. ராசா பேசுவதில் ஒரு ருசியும் இல்லை, பள்ளிக்கூடப் பரிசளிப்பில் பேசுகிறவர்போல நீட்டி முழக்குகிறார். சங்கக்கடைக் குரல் எங்கே, இது எங்கே. அண்ணை பேசாமல் அந்தப் படம் ஓடியது. ஒவ்வொரு வாயசைவுக்கும் அவரைத் தேடினேன். ஆமை வந்தபோதுதான் நிம்மதியாக இருந்தது. அது அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை.

பிறகு அந்த ஆற்றங்கரை வந்தது. காலைத் தூக்கி வைத்தான். எடுத்தான். திரும்பிப் புகாருக்குள் போனான். என் கை தானாக நிற்பாட்டப் போனது. ஆனால் படம் ஓடிக்கொண்டே இருந்தது. பொடியன் ஆட்டை மறந்துவிட்டான். அதை எடுக்கத்தான் திரும்பிப் போயிருக்கிறான். அவ்வளவுதான் விசயம். ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு புகாருக்குள்ளிருந்து வருகிறான், ஆமையில் ஏறுகிறான், வீட்டுக்கு வருகிறான். நாங்கள் பார்க்காத பகுதி இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. நான் கந்தோர்க் கதிரையில் இருந்து அழுதேன்.

அழுகை அடங்கின பிறகுதான் குரக்கன் தோட்டம் நினைவுக்கு வந்தது. அவன் வீடு திரும்பிய பகுதியைத்தான் அம்மா தன் கையால் தடிக்குத் தடி இழுத்துக் கட்டியிருக்கிறார். ஒரு போகம் முழுக்க அது எங்கள் தலைக்கு மேல் இருந்திருக்கிறது. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

ஆனால் படத்தைக் காட்டுவதா இல்லையா என்பதில் எனக்கு நாட்கணக்காக நித்திரை இல்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அண்ணையின் பெயரை இப்போது அவர் எடுப்பதில்லை. அந்த முடிவைப் பார்த்து மனம் ஆறுமா, ஆறினது பிளந்துவிடுமா? ஆற்றில் இறங்கினால்தான் ஆழம் தெரியும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடிக்கணினியை மேசையில் வைத்து, அம்மாவைக் கதிரையில் இருத்தினேன். பழைய படம் ஒன்று என்று மட்டும் சொன்னேன்.

ஆமை வந்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். உது அந்தத் தரித்திரப் படமெல்லே என்றார். எழும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு, அண்ணை சொன்ன மாதிரியே தமிழில் சொல்லத் தொடங்கினேன். ராசா கதவைச் சாத்துகிற இடத்தில், நாளைக்கு வாருங்கள் என்றேன். அம்மா தலையை ஆட்டி மறுத்தார்.

"அவன் உப்பிடிச் சொல்லேல்லை. காத்து முடிஞ்சுது எண்டு முதல் சொல்லுவான்."

கதவடியில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு நின்ற மனுசி. அவருக்கு எல்லாம் பாடம். அதற்குப் பிறகு நான் சொல்லச் சொல்ல அவர் திருத்திக்கொண்டே வந்தார். சில இடங்களில் என்னைத் தள்ளிவிட்டுத் தானே சொன்னார். மூன்று பேர் இருந்து பார்ப்பதுபோல இருந்தது அந்த மத்தியானம்.

ஆற்றங்கரை வந்தது. பொடியன் திரும்பிப் புகாருக்குள் போனான். அம்மா கையைக் கதிரையில் ஊன்றி எழும்பப் பார்த்தார்.

"எணை, இருந்து பாரணை. இன்னும் முடியேல்லை" என்றேன்.

இருந்தார். புகாருக்குள்ளிருந்து ஆட்டோடு அவன் வந்தான். ஆமை அவனை இக்கரைக்குக் கொண்டுவந்து விட்டது. கல்வீட்டுக்கு ஓடுகிறான். வேலி விழுந்து கிடக்கிறது, மரம் வளர்ந்து கூரையைத் தொடுகிறது. அக்கரையில் அவனுக்குக் கொஞ்ச நாள்தான். இக்கரையில் வருடங்கள் போய்விட்டன. கதவைத் திறந்துகொண்டு தாய் வருகிறாள். தலை முழுக்க நரை.

"அவன் அப்பிடியே இருக்கிறான். தாய்தான் கிழவியாப் போனாள்" என்றார் அம்மா.

எங்கள் சுவரில் இருக்கிற படத்தில் அண்ணைக்கு வயது இருபத்திரண்டு. அம்மா அதைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய் அவனை அடையாளம் கண்டு கட்டிப்பிடித்தாள். நெடுநேரம் விடவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கட்டிப்பிடிச்சது காணும். களைச்சு வந்தவனுக்கு முதல் சோத்தைப் போடன்" என்று அந்தத் தாயை ஏசினார்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. சாத்தின கதவின் மேல் பெயர்கள் ஏறத் தொடங்கின. படம் முடிந்துவிட்டது என்று நான் கையை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிப்பாட்டாதை பிள்ளை. அவன் உள்ளுக்கை இருந்து சாப்பிடுறான்."